எதிர் அலைவரிசைக்கு ஒரு கொப்பி

எதிரி நிலையத்தைக் கேட்பதற்கு
எனக்குச் சம்பளம்.
மாலை ஆறு முதல் பன்னிரண்டு வரை
கரடிப்போக்கில், இரும்புக்கடை மாடியில்,
காதில் ஹெட்போன், மடியில் சி.ஆர். கொப்பி.
நேரம், பாட்டு, படம், விளம்பரம்.
முதலாளி கனகேந்திரன்
அடிமட்டம் வைத்துத் தானே போட்ட கோடுகள்.

நாங்கள் ஐம்பதும் அறுபதும்.
பரந்தன் பக்கத்து அவர்கள் எழுபதும் எண்பதும்.
அப்படித்தான் தொடங்கியது.
ஒரு வெள்ளி இரவு அவர்கள்
அறுபத்தெட்டுக்குள் காலை வைத்தார்கள்.
கனகேந்திரன் அன்று சாப்பிடவில்லை.
மறுநாள் நாங்கள்
எழுபத்திரண்டில் போய் இறங்கினோம்.
வேலி அரக்குகிற கதைதான்,
கதியால் மட்டும் இல்லை.

எங்கள் ஆள் ஒரு படத்தின் ஆண்டைப் பிழையாகச் சொன்னால்
மூன்று நிமிடத்தில் அங்கே நிதர்சினி
சிரிக்காமல் திருத்துவாள்.
அப்போதுதான் விளங்கியது,
அங்கேயும் ஒருவன் இருக்கிறான்
எங்களைக் கேட்டபடி,
மடியில் ஒரு கொப்பியோடு.
எந்த விளம்பரத்துக்கு அவன்
ஒன்றுக்குப் போக எழும்புவான் என்று
சில இரவுகளில் யோசித்திருக்கிறேன்.
எனக்கு அந்த எண்ணெய் ஆலை விளம்பரம்.
இரண்டு பக்கமும் அதுதான் போகும்.
ஆலைக்காரர் இருவரிடமும் பாதி விலை பேசியவர்.

போன மாரியில் சண்டை உச்சம்.
நாங்கள் ‘டைனமோ நேரம்’ தொடங்கினோம்.
அதே கிழமை அவர்கள் ‘சுற்றிக் கேட்டவை’.
கரண்டும் பற்றறியும் இல்லாத காலத்தில்
சைக்கிளைக் கவிழ்த்து வைத்து
பெடலைச் சுற்றி நாம் கேட்ட பாடல்கள் நேயர்களே என்று
இரு பக்கமும் குரல் தழுதழுக்கும்.

சுற்றியவன் நான்.
பன்னிரண்டு வயது, வலது கை.
கேட்டவர்கள் விறாந்தையில் இருந்தார்கள்.
எனக்குக் கேட்டது சில்லின் சத்தம்,
கை சோர்ந்து பாட்டு மங்குகிறபோது
‘சுத்தடா’ என்று ஒரு குரல்.
அதை இன்னும் எந்த நிலையமும் போடவில்லை.

பிறகு பவளராணி.
ஜெயபுரத்திலிருந்து இரண்டு இடத்துக்கும் எடுப்பார்.
மகன் கோகுலரமணனுக்குப் பிறந்தநாள்.
அவன் எங்கே என்று
அறிவிப்பாளர் யாரும் கேட்பதில்லை.
எங்கள் நிலையம் வாசித்தது:
இன்று பத்தொன்பதாவது வயதில்.
ஹெட்போனில் நிதர்சினி வாசித்தாள்:
இன்று முப்பத்தாறாவது வயதில்.
இதை எழுதக் கொப்பியில் கோடு இல்லை.
விளம்பரத்தின் கீழே எழுதினேன்.

கனகேந்திரன் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டார்.
எது சரி, எடுத்துக் கேள்,
பிழை அவர்களுடையது என்றால்
இன்றிரவே சொல்ல வேண்டும்.

எடுத்தேன்.
பின்னால் ஆடு கத்தியது.
“ரெண்டும் சரிதான் தம்பி.
நீங்கள் முந்தின பாட்டுப் போடுறனீங்கள்,
அவை பிந்தின பாட்டு.
அவனுக்கும் ரெண்டு வயது
இருந்திட்டுப் போகட்டுமன்.”

முதலாளியிடம் சொன்னேன், லைன் கிடைக்கவில்லை என்று.

பன்னிரண்டுக்கு இரண்டு நிலையமும் மூடும்,
யார் கடைசியாக மூடுவது என்பதிலும் போட்டி.
நேற்று அவர்கள் நாற்பது விநாடி வென்றார்கள்.
இன்று நான் நேரத்தோடு இறங்கிவிட்டேன்.
காய்ச்சல் என்றேன்.

சைக்கிளில் இன்னும் டைனமோ இருக்கிறது.
சில்லில் தட்டாமல் தூக்கி விட்டு
இருட்டில் போனேன்.
ஒரு வீட்டில் எங்கள் நிலையம்,
அடுத்த வீட்டில் அவர்கள்,
இடையில் நாய்கள்.
வாய்க்கால் மதகடியில் ஒரு வீட்டிலிருந்து
பன்னிரண்டு வயதில் நான் சுற்றிய பாட்டு.
கால் ஊன்றி நின்று
கடைசி அடியை முதல்தரம் கேட்டேன்.

அப்படிப் பெரிய அடி ஒன்றுமில்லை.
முதல் அடியையே திருப்பிப் பாடுகிறார்கள்.

எந்த நிலையம் என்று பார்க்கவில்லை.
நேரமும் குறிக்கவில்லை.